என் வாழ்க்கையின் மிக மோசமான ராக் கச்சேரிக்கு மைக்செட் எங்களுடையது

"நேரில் பார்த்த ராக் கச்சேரிகளில் மிகச் சிறந்தது எது, மிக மோசமானது எது?" என்பது கேள்வி.

மோசமானதிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார்.

அப்பா திருவண்ணாமலையில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு வீடு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் குழாய்தான் போகும். கூம்பு ஒலிபெருக்கியைத்தான் ஊரில் குழாய் என்போம். விடுமுறை நாட்களில் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டியிருக்கிறேன், ஒயர் சுற்றியிருக்கிறேன், "ஹலோ மைக் டெஸ்டிங்" சொல்லிச் சொல்லியே என் குரல் உடைந்தது. அதனால் கச்சேரி என்று எங்கே போனாலும் கண் முதலில் பாடகரிடம் போகாது, பாக்ஸ் (பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி) எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கோணலான பார்வையில் சொல்வது.

2005. பொறியியல் கல்லூரியில் எனக்குக் கடைசி ஆண்டு. கல்லூரி விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு ராக் குழுவை அழைத்தார்கள். கல்லூரிப் பெயரும் குழுவின் பெயரும் வேண்டாம். அவர்கள் மீது ஒரு தவறும் இல்லை. மைக்செட்டுக்குப் பணம் குறைவாக இருக்கிறது என்று விழாக் குழுவினர் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, "எங்கள் அப்பா பாதி வாடகைக்குச் செய்து தருவார்" என்று நானாகப் போய்ச் சொன்னேன்.

அப்பா பெருமையோடு வந்து இறங்கினார். நான்கு பெரிய பாக்ஸ், எட்டுக் குழாய், மைக்குகளின் ஒலியைக் கலந்து கூட்டிக் குறைக்கிற ஆறு சேனல் மிக்சர், ஐந்து மைக், ஒரு ஜெனரேட்டர். டிரம்ஸ் வாசிப்பவர் மேடைக்கு வந்து பார்த்துவிட்டு, "அங்கிள், டிரம்ஸுக்கு எத்தனை மைக்?" என்று கேட்டார். "தவிலுக்கே ஒன்றுதான் தம்பி வைப்போம், உங்களுக்கும் ஒன்று வைக்கிறேன்" என்றார் அப்பா. அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

எட்டுக் குழாய்களில் இரண்டுதான் மைதானத்தில் இருந்தன. மீதி ஆறையும் அப்பா வழக்கம்போலக் கல்லூரி வாசலிலிருந்து பக்கத்துக் கிராமத்து முச்சந்தி வரை கம்பம் கம்பமாகக் கட்டிவிட்டார். விசேஷம் நடக்கிறது என்று நாலு ஊருக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தானே மைக்செட் என்பது அவர் கணக்கு. ராக் இசையின் முதல் அலறல் முச்சந்தியில் இறங்கிய சற்று நேரத்தில் கிராமத்திலிருந்து நாலைந்து பெரியவர்கள் வந்துவிட்டார்கள். சண்டை போட வரவில்லை. யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போய் வந்திருந்தார்கள்.

அடுத்தது பேஸ் கிடார். அதன் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிரும். குழாயோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேச்சையும் நாதஸ்வரத்தையும் கணீரென்று இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோகும். அடித்தொனியைக் கேட்டால் கையை விரித்துவிடும். பாவம், அந்தப் பேஸ்காரர் உயிரைக் கொடுத்து வாசித்தார். எங்களுக்குக் கேட்டது தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டின் சத்தம். பாடகருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும்படி மேடையில் தனியாக ஒரு மானிட்டர் வைக்க வேண்டும் என்பதே எங்கள் கடைக்குத் தெரியாது. தன் குரல் கேட்காமல் அவர் குத்துமதிப்பாகப் பாடினார். கேட்க வேண்டுமென்று மைக்கோடு பாக்ஸ் பக்கம் நகர்ந்தார். மைக் ஊளையிட்டது. விலகினார், ஊளை நின்றது. மறுபடி நகர்ந்தார்.

இதற்கு நடுவில் அப்பா மிக்சரில் எக்கோவைத் திருகிவிட்டார். "அன்பார்ந்த பக்தகோடிகளே" என்பது "களே... ளே... ளே" என்று மலையில் மோதித் திரும்ப வேண்டும் அவருக்கு, அதுதான் தரம். வேகமான ஆங்கிலப் பாட்டுக்கு அதே எக்கோவைப் போட்டால் ஒரு வரி முடிவதற்குள் அதன் முந்தைய வரி வந்து காலை வாரும். "அப்பா, எக்கோ வேண்டாம்" என்று காதருகே போய்க் கத்தினேன். "சும்மா இரு, இது இல்லாவிட்டால் வறட்சியாக இருக்கும்" என்றார்.

மூன்றாவது பாட்டில் ஜெனரேட்டர் ஃபியூஸ் போனது. அலங்கார விளக்குகளையும் அதே ஜெனரேட்டரில் மாட்டியிருந்தோம். அப்பா டார்ச் வெளிச்சத்தில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்த பத்து நிமிடமும் டிரம்ஸ்காரர் மட்டும், மைக் இல்லாமல், கரண்ட் இல்லாமல், தனியாக வாசித்தார். மாணவர்கள் மேடையோரம் நெருங்கி வந்து கைதட்டினார்கள். அன்று இரவு காதுக்கு இதமாக இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். கரண்ட் திரும்பி வந்தபோது கூட்டத்தில் யாரோ "அய்யோ" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு விஷயம் படித்து ஆறுதல் அடைந்தேன். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு சுமார் 55,600 பேர் முன்னிலையில் பாடியது. வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்கென்று 100 வாட் ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்திருந்தது. குரலோ, பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் செய்கிற மைதானத்து ஒலிபெருக்கிகள் வழியாகத்தான் போனது! ரசிகைகளின் கூச்சலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதையே விட்டுவிட்டார்கள். காரணங்கள் பல, தம் இசை தமக்கே கேட்காமல் போனது அவற்றில் ஒன்று. அப்பாவிடம் சொன்னேன். "அப்படியானால் நாம் 40 வருடம்தான் பின்தங்கியிருந்தோம்" என்றார்.

இனிச் சிறந்தது. 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூர் அரண்மனை மைதானம், இங்கிலாந்தின் ராக் குழு அயர்ன் மெய்டன்.

அந்தக் காலத்தில் பெரிய ராக் குழுக்கள் நம் பக்கம் வருவதே அபூர்வம். வந்தால் பெங்களூர் அல்லது மும்பை. சென்னைக்கும் சில சமயம் அதிர்ஷ்டம் அடிக்கும். ஸ்வீடனின் ஓபெத் 2009-இல் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் வாசித்தது. ஆனாலும் தமிழ்நாட்டு ராக் ரசிகனுக்குப் பெங்களூர்தான் சபரிமலை. கறுப்புச் சட்டையும் பொருந்தி வருகிறது. அன்று காலை செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக அரசு பஸ்ஸில் போனபோது என்னைப் போலவே கறுப்பு டீ-ஷர்ட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும்போது பேசிக்கொண்டோம். மூவரும் ஒன்றாகவே மைதானத்துக்குப் போனோம்.

மெய்டனுக்கு முன்னால் வாசித்தவர்கள் முதலில் டெல்லியின் பரிக்ரமா குழு, பிறகு பாடகி லாரன் ஹாரிஸ். லாரன், அயர்ன் மெய்டனின் பேஸ் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது, அவ்வளவுதான். பரிக்ரமா அப்படியில்லை. வயலினையும் வைத்துக்கொண்டு மைதானத்தைக் கலக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் டவுன்லோட் ராக் விழாவிலும் அவர்கள் வாசித்தார்கள்.

கூட்டம் முன்னால் முண்டியடித்துக்கொண்டிருந்தது. நான் எதிர்த் திசையில் நடந்தேன். மைதானத்தின் நடுவே தார்ப்பாய் போட்ட ஒரு மேடை இருக்கும். அதில் பெரிய மிக்சரோடு ஒலியமைப்பாளர் நிற்பார். அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டுவார், குறைப்பார். ஆகவே அவருக்கு நேர் முன்னால் நிற்பவனுக்கு அவர் கேட்கிற அதே கச்சேரி கிடைக்கும். முதல் வரிசையில் நின்று பாடகரின் வியர்வையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அங்கே டிரம்ஸும் நெஞ்சு வலியும்தான் கேட்கும்.

ஸ்டீவ் ஹாரிஸ் விரலால் பேஸ் வாசிப்பார், பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) எடுக்க மாட்டார். அவருடைய அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளம், தா தகிட தா தகிட என்று ஓடுவது, கேசட்டில் ஆயிரம் முறை கேட்டது. "தி ட்ரூப்பர்" பாட்டில் அது தொடங்கியபோது சத்தமாக வரவில்லை. காலுக்குக் கீழே தரை வழியாக ஏறி வந்தது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. டிரம்ஸ்காரர் நிக்கோ மெக்பிரெய்ன் ஒரே ஒரு கால் பெடலை வைத்துக்கொண்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தார். மூன்று கிடார்கள் ஒரே சமயத்தில் வாசித்தும் ஒன்றின் மீது ஒன்று ஏறி மிதிக்கவில்லை. மூன்று நாதஸ்வரம் சேர்ந்தாலே அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாதி நேரம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த மிக்சர்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடன் வந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும்.

பாடகர் புரூஸ் டிக்கின்சன் மேடையில் ஓடாத இடமில்லை. (மனிதர் விமான ஓட்டி. மறு ஆண்டு பிப்ரவரியில் மும்பையில் வாசிக்க வந்தபோது குழுவையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போயிங் 757-ஐ ஓட்டி வந்தவரே அவர்தான்.) "ஃபியர் ஆஃப் த டார்க்" தொடங்கியதும் அவர் பாட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கிடார் மெட்டையே மொத்த மைதானமும் "ஓ ஓ" என்று பாடியது. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு எல்லாமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நொடி தாமதமாக வரும். அதனால் நடுவில் நின்ற எனக்கு முன்னால் இருந்தவர்களின் குரல் ஒரு அலையாகவும், பின்னால் இருந்தவர்களின் குரல் சற்றுப் பிந்தி இன்னொரு அலையாகவும் வந்தது. எந்தக் குமிழைத் திருகினாலும் அப்படி ஒரு எக்கோ வராது.

அமெரிக்க ராக் குழு மெட்டாலிகாவைச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் அடிக்க வருவீர்கள். 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் அவர்கள் வாசிக்க வேண்டியது. மேடைக்கு முன்னிருந்த தடுப்பு பிய்ந்துபோய், நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டு, ஆத்திரமடைந்த கூட்டம் மேடையேறிச் சாமான்களை உடைத்து, ஏற்பாட்டாளர் தரப்பில் சிலர் கைதாகி, கடைசியில் ரத்தே ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து அதே அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர் குர்கானில் ஏமாந்து, கடன் வாங்கி விமான டிக்கெட் எடுத்து வந்தவர். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "இன்னும் நிற்கவில்லை, இன்னும் நிற்கவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைய கச்சேரியைவிட அவர் முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காதுக்கு இயர் பிளக் வாங்கிக்கொள்ளுங்கள், பஞ்சு போதாது. 85 டெசிபல் (சத்தத்தின் அளவு) வரை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், மூன்று டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். ராக் மைதானத்தில் அந்த 15 நிமிடம் இரண்டாவது பாட்டிலேயே கரைந்துவிடும். முப்பது வருடம் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்த அப்பாவுக்கு இடது காது கிட்டத்தட்ட இல்லை.

மெய்டன் கச்சேரி முடிந்து மெஜஸ்டிக் பஸ் நிலையம் வந்தபோது டீக்கடை டிவி முன்னால் ஒரு கூட்டம், இழவு வீடு போல. உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா 191-க்குச் சுருண்டிருந்தது. எனக்கு வருத்தப்படக்கூட இடமில்லை. காதில் ஒரு ரீங்காரம், கறுப்புச் சட்டையெல்லாம் செம்மண். பஸ்ஸில் ஏறியவன் செங்கம் தாண்டித்தான் விழித்தேன்.

வீட்டுக்குப் போகும்போது இன்னும் விடியவில்லை. அப்பா இரவு முழுக்கத் தூங்காமல் ஆட்டம் பார்த்துவிட்டு, டிவியை அணைக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். "தோற்றுவிட்டார்கள்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாக்ஸ் எத்தனை போட்டிருந்தார்கள்?"

"தரையில் அடுக்கவில்லை அப்பா. இரண்டு பக்கமும் மாலை மாதிரி மேலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள்."

நான் அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். டிரம்ஸுக்கு மட்டுமே எத்தனை மைக் என்று எண்ணி முடியவில்லை என்றேன். அந்தச் சென்னைப் பையனை நினைத்திருக்க வேண்டும், கொஞ்சம் சிரித்தார்.

"எக்கோ போட்டார்களா?"

"இல்லை."

"அப்புறம் என்ன கச்சேரி" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தார்.