லைக் தேடலை ரிவ்யூ செய்யும்போது

கேள்வி: ஆத்தங்குடிப் பூக்கல் விற்பனைக்கான மென்பொருளைக் காரைக்குடியில் இருந்து எழுதுகிறோம். குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சரக்குத் தேடலில் லைக் (LIKE: ஒரு வடிவத்துக்குப் பொருந்துபவற்றைத் தரவுத்தளத்தில் தேடும் எஸ்கியூஎல் சொல்) பயன்படுத்தி, பயனர் தட்டும் சொல்லைப் பாராமீட்டராக (கட்டளை வாசகத்தில் ஒட்டாமல் தனி மதிப்பாக) அனுப்பியிருக்கிறார். இதற்கு மேல் ரிவ்யூவில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பாராமீட்டராக அனுப்பியதால் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் (பயனர் தட்டுவது கட்டளையாகவே ஓடிவிடும் தாக்குதல்) தடுக்கப்படும், ஆனால் அந்தச் சொல்லுக்குள் வரும் % (எத்தனை எழுத்துகளையும் குறிப்பது), _ (அடிக்கோடு) ஆகிய குறிகளுக்குப் பொருள் கொடுப்பது லைக் என்பதால், அவற்றை அது தடுக்காது. பயனர் ‘ஆத்_10’ என்ற குறியீட்டைத் தேடினால், அடிக்கோடு ஏதேனும் ஓர் எழுத்துக்குறியைக் குறிக்கும் என்பதால், ‘ஆத்-10’, ‘ஆத்510’ ஆகிய கற்களும் பட்டியலில் வந்து நிற்கும். தேடும் சொல்லின் இருபுறமும் % சேர்ப்பது வழக்கம் என்பதால், பெட்டியை வெறுமையாக விட்டால் ‘%%’ உருவாகி, பெயருள்ள எல்லாச் சரக்கும் பொருந்திவிடும். பட்டியலில் இது தொல்லை மட்டுமே. இதே நிபந்தனையை விலை மாற்றும் அப்டேட்டில் யாராவது ஒட்டியிருந்தால் கிடங்கு முழுவதும் ஒரே விலையாகிவிடும். ஆகவே நிபந்தனை வேறெங்கே பயன்படுகிறது என்பதை முதலில் தேடிப் பாருங்கள்.

தீர்வு, எஸ்கேப் குறியை (அடுத்து வரும் குறியைச் சாதாரண எழுத்தாகக் கொள்ளச் சொல்வது) வெளிப்படையாகக் குறிப்பிடுவதே. தரவுத்தளங்களில் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டும் பின்சாய்கோட்டை இயல்பாகவே எஸ்கேப்பாகக் கொள்கின்றன; எஸ்கியூலைட்டில் அப்படி எதுவும் இல்லை. நான் ‘!’ குறியை விரும்புவேன். முதலில் ‘!’ ஐ ‘!!’ ஆக்கி, அதன் பிறகே % , _ இரண்டின் முன்னும் ‘!’ சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் நாம் சேர்த்த குறியே இரட்டிப்பாகிவிடும்.

வேகம் பற்றிச் சுருக்கமாக: வடிவம் % இல் தொடங்கினால் வழக்கமான இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசைப் பட்டியல் போன்றது) உதவாது. சில ஆயிரம் வரிசைகளுக்குக் கவலை வேண்டாம். சரக்கு பெருகினால் போஸ்ட்கிரெஸில் டிரைகிராம் (சொல்லை மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்து வைக்கும்) இண்டெக்ஸ் உண்டு.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘செட்டிநாட்%’ என்று தேடினால் ‘செட்டிநாட்டு’ கிடைக்கும், ‘செட்டிநாடு’ கிடைக்காது. புள்ளியை நீக்கி ‘செட்டிநாட%’ என்றால் இரண்டும் கிடைக்கும், ஏனெனில் யூனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி எழுத்துக்குறிகள். ‘கொ’ போன்ற எழுத்துகள் இரு விதமாகச் சேமிக்கப்படக்கூடும் என்பதால், சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (இத்தகைய எழுத்துகளை ஒரே விதமாக ஆக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.