குதிகால் வலியோடு பழனிக்கு நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது, ஊர் கானாடுகாத்தான். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் விடிந்ததில் இருந்து பொழுது சாயும் வரை அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். எட்டு மாதமாக இடது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது, நாலு எட்டு நடந்தால் குறைகிறது, சாயங்காலம் திரும்ப வந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறதாம். ஊசி போடலாம், கேட்காவிட்டால் ஆபரேஷன் என்கிறார்கள். ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். செங்கல்லைச் சுடவைத்து அதன்மேல் எருக்க இலை போட்டு மிதிக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வருகிற தையில் பழனிக்கு நடப்பதாக நேர்ந்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: ஆச்சி, முதலில் அந்தச் செங்கல் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும், அது அவர்களுக்கே தெரியாது. சூடு உறைக்காது, தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அந்தப் புண் ஆறுவது பெரும்பாடு. அதனால் மற்ற எதையும் தொடங்கும் முன் ஒரு மருத்துவரிடம் போய்ப் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை, வலிக்காது.

அடுத்து அந்த முள். எல்லோரையும் பயமுறுத்துவது அதுதான். குதிகால் எலும்பின் அடியில் இருந்து விரல்கள் வரைக்கும் ஒரு தடித்த நார்ப் பட்டை ஓடுகிறது, பாதத்தின் வளைவை இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். வருடக்கணக்கில் கடினமான தரையில் நின்று நின்று, அது எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. ராத்திரி தூங்கும்போது பட்டை சுருங்கிக் கிடக்கும், காலையில் நீங்கள் முதல் அடி வைத்ததும் ஒரேயடியாக இழுபடும், அதுதான் உயிர் போகிற வலி. முள் குத்துவதால் வருவதில்லை. குதிகால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் இதே முள் இருக்கும். முள் இருந்தபடியே வலி போய்விடுகிறவர்களும் ஏராளம், ஆகவே அதை வெட்டி எடுக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

இப்போது உங்கள் அடுப்படிக்கு வருகிறேன். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு, காலுக்குக் குளிர்ச்சி, ஆனால் வெறுங்காலோடு பத்து மணி நேரம் நின்றால் துளிகூட விட்டுக்கொடுக்காது. வீட்டுக்குள் செருப்பா என்று கேட்பீர்கள். என் அப்பத்தாவும் கடைசி வரை அதையேதான் கேட்டார், எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. வாசல் தாண்டாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், சாமி அறைக்கு முன்னால் கழற்றிவிடலாம். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பு நல்லது, பின்பட்டை வைத்ததாக, குதிப்பக்கம் சற்றே உயரமாக இருக்கட்டும். தேய்ந்துபோன மெல்லிய ரப்பர் செருப்பு போட்டாலும் போடாததும் ஒன்றுதான். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாய் விரியுங்கள். அதிரசம் தட்டுவது, சீப்புச் சீடை சுருட்டுவது எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைதானே, அதற்கும் ஏன் நிற்க வேண்டும்?

உண்மையான மருந்து பயிற்சிதான். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே இடது காலைத் தூக்கி வலது முழங்கால்மேல் வைத்து, கையால் விரல்களைப் பின்பக்கமாக, கணுக்காலை நோக்கி இழுங்கள். உள்ளங்காலில் அந்த நார் கயிறு மாதிரி விறைப்பது விரலுக்குத் தெரியும். 10 விநாடி பிடித்து விடுங்கள், இப்படி 10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை. அப்புறம் சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதி தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள், கெண்டைக்கால் இழுபட வேண்டும், 30 விநாடி வீதம் 3 முறை. கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகால் ஆறாது. சரி, இதெல்லாம் எத்தனை நாளைக்கு? இரண்டு, மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும், முழுதாகத் தீரச் சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். பத்து நாள் செய்துவிட்டுக் கேட்கவில்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம். உணர்ச்சி சரியாக இருந்தால் மட்டும், பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றி உள்ளங்காலால் 10 நிமிடம் உருட்டலாம்.

ஊசியைப் பற்றி: ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல சுகம் தரும், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையலாம், அந்த நாரே அறுந்துபோகவும் கூடும். பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்க்காமல் அங்கே போகாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம், சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அது ஆபத்து.

பழனி. தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. குன்றக்குடியில் இருந்து கிளம்பினால் நூறு கிலோமீட்டருக்கு மேல், உங்கள் வீட்டில் எத்தனையோ தலைமுறையாக நடந்திருப்பார்கள், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெறுங்காலோடு வேண்டாம், இதில் நான் இறங்கிவரப் போவதில்லை. கார்த்திகையில் காலை முதல் அடியின் வலி போயிருந்தால், நல்ல ஷூ போட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். மறுநாள் காலை வலி ஏறாமல் இருந்தால் மேலே போகலாம். ஏறினால் இந்த வருடம் திண்டுக்கல் வரை வண்டியில் போய், அங்கிருந்து முடிந்ததை நடங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் நீண்ட நடையே கூடாது.

பாதம் எரிந்தாலோ மரத்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, குதிகால் வீங்கிச் சிவந்தாலோ தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.