முதல் ஏர் பிஸ்டல்: பிராண்டை விடுங்கள், கைப்பிடியைப் பாருங்கள்

15 வயது மகள் சில மாதமாக கிளப் துப்பாக்கியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள், பயிற்சியாளர் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் உள்ள பழைய உயர்ரக மாடலை உடனே வாங்கச் சொல்கிறார், எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டேயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி எதுவானாலும் சரி. இலக்கின் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர், இவற்றில் எதை இறுகப் பூட்டி வைத்துச் சுட்டாலும் குண்டு அதற்குள்தான் விழும். நடுக்கம் வருவது கையிலிருந்துதான். அதனால் முதலில் கைப்பிடி. மகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை இலக்கை நோக்கித் தூக்கச் சொல்லுங்கள், பிறகு கண்ணைத் திறக்கட்டும். குறிபார்க்க உதவும் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்தில் நடுவே நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் அந்தப் பிடி அவள் கைக்கானது அல்ல. முன்பு வைத்திருந்தவர் தன் கைக்கு அராவி, புட்டி அப்பிய பிடி அடுத்தவர் செருப்பு மாதிரிதான், மாற்றுப் பிடிக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். எடையும் முக்கியம். விதி 1500 கிராம் வரை அனுமதிக்கிறது என்பதற்காகக் கனமானதை வாங்காதீர்கள், 75 நிமிடப் போட்டியில் 60 முறை ஒற்றைக் கையால் தூக்கப் போவது அவள்.

இப்போது பயிற்சியாளர் விஷயம். விற்பவரிடம் கமிஷன் வாங்கும் பயிற்சியாளர்களும் உண்டு. உங்களவர் அப்படியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் 'உடனே' என்று யார் சொன்னாலும் நான் குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டரைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். அதில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள். அது முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் சோதனையிலேயே நிறுத்திவிடலாம், அப்போது பொறுப்பு உங்கள் தலையில்தான். பழைய மாடலுக்குப் புது சிலிண்டர் கிடைக்குமா என்று விற்பவரிடம் அல்ல, வேறு இடத்தில் விசாரியுங்கள். "ட்ரிகரை வெண்ணெய் மாதிரி இறக்கி வைத்திருக்கிறேன்" என்பார்கள். ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறைந்தால் போட்டியில் செல்லாது. அதைச் சோதிக்கும் எடைக்கட்டி ஒன்றை வாங்கி வைக்காமலே சந்தா வசூலிக்கிற கிளப்புகளை என்ன சொல்வது! பிள்ளைகள் போட்டியன்று வரிசையில் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

வலக்கைக்காரர் வலக்கைப் பிடி வாங்க வேண்டும், இதில் கேள்வி இல்லை. குழப்பம் ஒரே இடத்தில்தான்: வலக்கை, ஆனால் இடது கண் ஆதிக்கம், அதாவது குறிபார்க்கும்போது இடது கண்தான் முந்திக்கொள்ளும். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு ஓட்டை விட்டு, தூரத்தில் உள்ள ஒரு பொருளை அதன் வழியே பார்த்துவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். அது இடதாக இருந்தால் உடனே இடக்கை பிஸ்டல் தேட வேண்டாம், யார் சொன்னாலும். ரைஃபிளில் கன்னம் கட்டையில் பதிந்திருக்கும், அதனால் அங்கே இது பெரிய தலைவலி. பிஸ்டல் கை நீளத்துக்கு அப்பால் இருக்கிறது, தலையைக் கொஞ்சம் திருப்பினால் பலருக்குச் சரியாகிவிடும். இல்லையென்றால் இடது கண்ணுக்கு முன்னால் 30 மில்லிமீட்டர் அகலத்துக்குள் ஒரு மறைப்பு, விதியே அதை அனுமதிக்கிறது.

உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதை விற்பவர் வாயால் கேட்காதீர்கள், உங்கள் ஊர்ச் சட்டப்படி அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். அலைய விடுவார்கள், வேறு வழியில்லை.

அப்புறம், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பிஸ்டலில் மகள் 60 குண்டு முழுதாகச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.