வாட்ச் காட்டும் கலோரியை நம்பலாமா?

கேள்வி: டென்னிஸ் ஆடும் என் மகளின் ஸ்மார்ட் வாட்ச், ஒரே மாதிரி ஆட்டத்துக்கு ஒரு நாள் 400 கலோரி, மறுநாள் 650 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ராக்கெட்டை இறுக்கிப் பிடித்து வீசும்போது மணிக்கட்டில் உள்ள சென்சார் தடுமாறும், மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் இதயத்துடிப்பை அளந்துதான் கலோரியைக் கணிக்கிறது, ஒரு பாயின்ட் சில விநாடிகளில் முடிந்துவிடுவதால் பந்தைத் துரத்திய வேகம் துடிப்பில் தாமதமாகத்தான் தெரியும், வெயிலிலோ அதிகம் ஓடாமலே எகிறும். சரி, வேறு வழி? ஆட்டம் முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று மகளிடம் 10க்கு மதிப்பெண் கேட்டு, ஆடிய நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், மதிப்பெண் 7 என்றால் 630. இது கலோரி அல்ல, அன்றைய ஆட்டத்தின் சுமை. தினமும் எழுதி வாருங்கள். எண் திடீரென்று ஏறி, தூக்கமும் கெட்டால் ஓய்வு கொடுங்கள், தயங்காதீர்கள்.