குழந்தையோடு சேர்ந்து ஒரு குறிப்பேடு: டீச்சர் பதில்கள்

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் வீட்டில் கற்றுக்கொள்வதைக் குறித்து வைப்பது பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். பாலர் வகுப்பில் வேலை பார்த்த பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், மகளுக்கு மூன்றரை வயது. நோட்டு வாங்கியாச்சு. முதல் பக்கத்தில் என்ன எழுதுவது?

தேதி, அவளுடைய வயது, அன்று அவள் செய்த ஒரே ஒரு காரியம். “இன்று பொருள்களை வகை பிரித்தோம்” என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அதில் உங்கள் மகளைத் தேடினாலும் கிடைக்க மாட்டாள். இப்படி எழுதிப் பாருங்கள்: “பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் கலந்து கொடுத்தேன். பிரிக்கவில்லை. கிண்ணத்திலிருந்து தட்டில் கொட்டி, ‘மழ பெய்யுது’ என்றாள். தட்டை மாற்றிச் சில்வர் தட்டில் கொட்டி, ‘இது பெரிய மழ’ என்றாள்.” நீங்கள் நினைத்த பாடம் நடக்கவில்லை. ஆனால் எந்தத் தட்டில் சத்தம் அதிகம் என்று அவள் ஒரு சோதனை செய்து முடித்திருக்கிறாள். குறிக்க வேண்டியது அதைத்தான். (பயறு, கடலை கொடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது.)

நான் வேலைக்குப் போகிறேன். தினமும் எழுத வேண்டுமா?

வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு குறிப்பு போதும். அவன் சொன்னதை உடனே போனில் பேசிப் பதிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை நோட்டில் ஏற்றுங்கள்.

போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, அது போதாதா?

போட்டோவில் கட்டி முடித்த கோபுரம் இருக்கும். எத்தனை தடவை சரிந்தது, பெரிய டப்பாவை அடியில் வைக்க வேண்டும் என்று எப்போது பிடிபட்டது என்பதெல்லாம் இருக்காது. அதோடு, “இங்க பாரு, சிரி” என்றதும் குழந்தையின் வேலை நின்றுவிடும். எடுத்தால் கைகளை எடுங்கள், முகம் வேண்டாம். கீழே அவன் சொன்ன ஒரு வரி.

மகன் ஆள் வரைந்தால் தலையிலிருந்தே கால் முளைக்கிறது. உடம்பே இல்லை. திருத்தலாமா அக்கா?

தொடாதீர்கள்! மூன்று, நான்கு வயதில் உலகமெங்கும் குழந்தைகள் இப்படித்தான் வரைகிறார்கள். முதலில் கிறுக்கல். அப்புறம் கோட்டின் இரண்டு முனையையும் சேர்த்து வட்டத்தை மூடுவது, அதுவே பெரிய சாதனை. பிறகு வட்டத்தைச் சுற்றிக் கோடுகள். அந்த வட்டத்துக்குக் கண் வைத்து, இரண்டு கோட்டை நீளமாகக் கீழே இழுத்தால் ஆள் ரெடி. உடம்பு தானாக வரும்.

“என்னடா இது?” என்று கேட்டால் படம் புரியவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். “இதப் பத்திச் சொல்லேன்” என்று கேளுங்கள். சொல்வதை அவன் வார்த்தையிலேயே தனித் தாளில் எழுதி ஒட்டுங்கள். படத்தின் மேலேயே எழுதுவதென்றால் அவனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், படம் அவனுடையது. சில மாதத்துக்கு ஒருமுறை “அம்மாவை வரை” என்று கேட்டு வாங்கி வையுங்கள். உங்களுக்குக் கழுத்தும் விரலும் எப்போது முளைத்தன என்று தேதியோடு இருக்கும்.

என் பேத்தி இருபது வரை ஒப்பிக்கிறாள். ஐந்து புளியங்கொட்டை எடு என்றால் கை நிறைய அள்ளுகிறாள். எப்படிக் குறிப்பது?

ஐயா, நல்ல கவனிப்பு. எண் பெயர்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை. ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்று தொட்டு எண்ணுவது இன்னொன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது மூன்றாவது. கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தன?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால் மூன்றாவது இன்னும் வரவில்லை.

ஆகவே “20 வரை தெரியும்” என்று எழுதாதீர்கள். “20 வரை சொல்கிறாள், 3 வரை எண்ணி எடுக்கிறாள்” என்று எழுதுங்கள். அப்புறம் பல்லாங்குழியை இறக்குங்கள். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

எல்.கே.ஜி. சேர்ப்பதற்குள் இதே நோட்டில் அ, ஆ எழுத வைக்கலாமா?

அதற்கு வேறு நோட்டு வாங்குங்கள், அதுவும் அவசரமில்லை. 2022-இல் இந்தியாவில் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமே (சிறு குழந்தைகளுக்கு எதை, எப்படிக் கற்பிப்பது என்ற வழிகாட்டி) மூன்று முதல் ஆறு வயதுக்குத் தேர்வு பொருந்தாது, குழந்தையைக் கவனித்தும் அது செய்தவற்றைப் பார்த்தும் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறது. இந்த நோட்டில் இருக்க வேண்டியது, நீங்கள் மளிகை லிஸ்ட் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் இழுக்கும் வளைவு நெளிவுக் கோடுகள். “அரிசி, சீனி, எனக்கு முட்டாய்” என்று அதை வாசித்தும் காட்டுவாள். எழுதியதை வாசிக்கலாம் என்பது புரிந்துவிட்டதே! எண்ணையோ எழுத்தையோ கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடுவதும் இந்த வயதில் சகஜம்.

சிங்கப்பூரில் இருக்கிறோம். இரண்டு மொழியும் கலந்து பேசுகிறான். திருத்தி எழுதவா?

காதில் விழுந்தபடியே எழுதுங்கள். “நேத்து பீச் போலாம்” என்றால் அதையும். நாளை, நேற்று எல்லாம் இந்த வயதில் ‘இன்று இல்லை’ என்ற ஒரே பெட்டிக்குள்தான் கிடக்கும்.

வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்கிறார் மாமியார்.

டார்வினுக்கும் நிறைய வேலை இருந்தது. 1839-இல் பிறந்த தன் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார். மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம், வீண் சண்டை. “நீங்க சொல்லுங்கத்தை, நான் எழுதிக்கிறேன்” என்று உட்காருங்கள். பகலெல்லாம் பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தானே, உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

நோட்டை எடுத்தாலே மகன் ஓடிவிடுகிறான்.

விளையாடும்போது எடுக்காதீர்கள். இரவில் போன மாதப் பக்கம் ஒன்றை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றிய கதை என்றால் எந்தப் பிள்ளையும் நகராது. எந்த இலை, எந்த பஸ் டிக்கெட் ஒட்டுவது என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

பேச்சு தாமதமா என்று இதை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் உடனே போங்கள். நோட்டையும் கொண்டு போங்கள். “எப்போதிலிருந்து?” என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கும்.

எந்த நோட்டு நல்லது?

கோடு போடாத பெரிய நோட்டு எதுவும். மைதாப் பசையால் மட்டும் ஒட்டாதீர்கள், கரப்பான் வந்துவிடும்.