சம்பளத்தில் பிடித்த நன்கொடைக்கு 80ஜி யாருக்கு?

ஏற்காடு மலைக்கிராமப் பள்ளிக்காக சேலத்தில் உங்கள் கம்பெனி ஆளுக்கு 3,000 ரூபாய் சம்பளத்தில் பிடித்து ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். பணம் உங்களுடையது, நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தரும் கழிவும் உங்களுக்குத்தான். ஆனால் ரசீது யார் பேரில் வருகிறது என்பதில்தான் சிக்கல். எல்லாரின் பணமும் ஒரே செக்காகப் போனால், அறக்கட்டளை தரும் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் கம்பெனியின் பான் எண்ணில் வந்துவிடும். பெயர், பான், தொகை போட்ட பட்டியலையும் சேர்த்து அனுப்பச் சொல்லி ஹெச்.ஆரை இப்போதே நச்சரியுங்கள். அறக்கட்டளை அதை வைத்துத்தான் மே 31க்குள் 10பிடி என்ற நன்கொடை விவரப் படிவத்தை வரித் துறையிடம் தாக்கல் செய்யும். முதல்வர் நிவாரண நிதிக்குப் பிடித்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. கம்பெனி தரும் சான்றே போதும்.

அப்புறம், புதிய வரிமுறையில் இருந்தால் இந்த அலைச்சலே வீண், அதில் இந்தக் கழிவு கிடையாது. பணமாகத் தராமல் கம்பளி, நோட்டு வாங்கிக் கொடுத்தாலும், எந்த வரிமுறையிலும் கழிவு கிடையாது.