கணினி கேள்வி-பதில்: விளக்கு எரிகிறது, பென்டிரைவ் வரவில்லை

கேள்வி: அண்ணா, திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். லேப்டாப் என் சொந்தக் காசில் வாங்கியது, நாலு வருஷம் ஆகிறது. இடது பக்க யு.எஸ்.பி. போர்ட்டில் பென்டிரைவைச் செருகினால் அதில் விளக்கு எரிகிறது, திரையில் எதுவும் வருவதில்லை. கொஞ்சம் அசைத்துப் பிடித்தால் சில நேரம் வருகிறது. அதே பென்டிரைவ் வலது பக்கத்தில் நன்றாக வேலை செய்கிறது. ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்றார்கள். என் ஒரு மாதச் சம்பளம் அதிலேயே போய்விடும். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

- வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. "அசைத்துப் பிடித்தால் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. விண்டோஸில் கோளாறு என்றால் அசைப்பதால் சரியாகாது. மதர்போர்டில் உள்ள சிப் போயிருந்தாலும் அப்படித்தான். அசைத்தால் வருகிறது என்றால் உலோகமும் உலோகமும் தொடுகிற இடத்தில்தான் பழுது. திறந்து பார்க்காமல் மதர்போர்டு என்று சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

விளக்கு எரிவதை வைத்துப் போர்ட் நன்றாக இருப்பதாக நினைக்க வேண்டாம். உங்கள் பென்டிரைவின் முனையைத் திருப்பிப் பாருங்கள். நாலு தகடுகள் தெரியும். ஓரத்து இரண்டும் கரண்டுக்கு: ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட். நடுவில் உள்ள இரண்டும் டேட்டாவுக்கு. உற்றுப் பார்த்தால் ஓரத்துத் தகடுகள் நடுவில் இருப்பவற்றைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். செருகும்போது முதலில் கரண்ட், அடுத்து டேட்டா சேர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே முனை முழுதாக உள்ளே போகாமல் கொஞ்சம் வெளியே நின்றால் விளக்கு எரியலாம், ஃபைல் வராது.

முழுதாக ஏன் போகவில்லை? நீங்கள் வேலை செய்யும் இடத்தைப் படித்ததுமே எனக்குப் பஞ்சுதான் நினைவுக்கு வந்தது. நிட்டிங் கம்பெனி லேப்டாப் எது மேசைக்கு வந்தாலும் நான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது போர்ட்டுக்குள்தான். காற்றில் பறக்கும் பஞ்சு உள்ளே படிகிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் பென்டிரைவ் அதை அழுத்தி அழுத்தி அடியில் கெட்டியாக்கிவிடுகிறது. வெளியே எடுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அட்டைத் துண்டு மாதிரி வரும்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் ஓரமாக நெம்பி எடுங்கள். ஊசி, குண்டூசி, ஹேர்பின் எதுவும் கூடவே கூடாது. போன் சார்ஜ் ஏறட்டும் என்று சில மாடல்களில் லேப்டாப்பை அணைத்த பிறகும் போர்ட்டில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். ஊசி பட்டால் ஷார்ட் ஆகிவிடும், அப்புறம் கடைக்காரர் சொன்னது நிஜமாகிவிடும். கம்பெனியில் துணி ஊதும் ஏர் கன் இருக்கிறதே என்று அதை நீட்டிவிடாதீர்கள். கம்பிரஸர் காற்றில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தே வரும். பஞ்சை எடுத்த பிறகும் தகடுகள் மங்கலாகத் தெரிந்தால், செல்போன் சர்வீஸ் செய்பவர்கள் பயன்படுத்தும் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள்.

பஞ்சே இல்லையா? பென்டிரைவைச் செருகிவிட்டு மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பென்டிரைவோடு சேர்ந்து போர்ட்டும் ஆடினால், அதன் கால்கள் போர்டில் விட்டுப்போயிருக்கின்றன. டிரை சால்டர் என்போம். மறுபடி சால்டர் செய்தால் போதும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் போர்ட்டை மட்டும் மாற்ற வேண்டும். பாகத்தின் விலை சொற்பம், கூலிதான் செலவு. சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டையே மாற்றாமல் அதிலுள்ள சின்னப் பாகங்களைப் பழுது பார்க்கும் கடையாகப் பார்த்து, "போர்ட் மட்டும் மாற்றித் தருவீர்களா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். இன்னொன்று: பல மாடல்களில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே இருப்பதில்லை. தனியாக ஒரு சின்ன போர்டில் இருக்கும், ஒரு ரிப்பன் கேபிள் இரண்டையும் இணைக்கும். அந்தப் பக்கத்து ஹெட்போன் துளையும் சேர்ந்து மக்கர் செய்தால் ரிப்பனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அசைத்தாலும் வராமல் ஒரேயடியாகச் செத்துக் கிடக்கும் போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். அந்தப் போர்ட்டில் ஒரு யு.எஸ்.பி. கீபோர்டைச் செருகி, ஆன் செய்ததும் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய செட்டிங்ஸ் திரை) போங்கள். அங்கே அம்புக்குறி கீ வேலை செய்தால் போர்ட் நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில். ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் லேப்டாப்பில் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. அதிலும் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரம் மிச்சப்படுத்த ஹப்பை அணைக்கலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

தம்பி, போர்ட் சரியான பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். சாதாரண யு.எஸ்.பி. முனைக்கு 1,500 முறை செருகி எடுப்பதுதான் தரநிலை சொல்லும் கணக்கு. டைப்-சிக்கு 10,000. தினமும் மூன்று முறை செருகினால் 500 நாளில் அந்த 1,500 தீர்ந்துவிடும். ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் கேபிளை வாங்கிப் போர்ட்டிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள். தேய்வதும் பஞ்சு அடைவதும் கேபிளில் நடக்கட்டும்.

கேள்வி: புது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மட்டும் வயர்லெஸ் மவுஸ் தாவித் தாவி ஓடுகிறது. போர்ட் பழுதா?

- வாசகி, ஈரோடு

பதில்: போர்ட்டும் பழுதில்லை, மவுஸும் பழுதில்லை அம்மா. உங்கள் மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. யு.எஸ்.பி. 3.0 வேகத்தில் ஓடும் டிஸ்க்கும் அதன் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை எழுதி வெளியிட்டிருக்கிறது. மவுஸின் குட்டி ரிசீவர் டிஸ்க்கை ஒட்டிய போர்ட்டில் இருந்தால் அதை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். எதிர்ப்பக்கம் போர்ட் இல்லையென்றால் ரிசீவரை எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, மவுஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.